ரவுட்டரின் அடியைப் பார்த்து வாங்குங்கள்: புது வைஃபை பெட்டியில் ஓபன்டபிள்யூஆர்டி போடும் வழி

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே ஒரு ரவுட்டர் மூன்று மாதம் சும்மா கிடந்தது. கொடுத்த விலை 11,500 ரூபாய். ஓபன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்பது கொம்பனி தரும் மென்பொருளுக்குப் பதிலாக ரவுட்டருக்குள் ஏற்றக்கூடிய இலவச மென்பொருள். அதன் ஆதரவுப் பட்டியலில் இந்த ரவுட்டரின் பெயரைக் கண்ட பிறகுதான் வாங்கினேன். பெயர் சரிதான். வீட்டுக்குக் கொண்டுவந்து கவிழ்த்துப் பார்த்தால் ஸ்டிக்கரில் வெர்ஷன் 4 என்று இருந்தது. பட்டியலில் இருந்ததோ வெர்ஷன் 1. இரண்டுக்கும் உள்ளே இருக்கும் சிப்பே வேறு. கடைக்குத் திரும்பிப் போனேன். "எல்லாம் ஒண்டுதான் தம்பி, நெட் வருகுதுதானே?" என்றார் கடைக்காரர். அவரையும் குறை சொல்ல முடியாது. நெட் வந்துகொண்டுதான் இருந்தது.

அதற்குப் பிறகு வேறொன்று வாங்கி, ஒரு இரவு முழுக்க முழித்திருந்து, ஒருவழியாக ஏற்றி முடித்தேன். நீங்கள் அந்த இரவை மிச்சம் பிடிக்கலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

யாருக்கு இது? மாத டேட்டாவை வீட்டில் எந்தப் போன் தின்கிறது என்று தெரிய வேண்டியவர்களுக்கு. பிள்ளையின் சூம் வகுப்பு நடக்கும்போது பக்கத்து அறையில் யாரோ வீடியோ ஏற்றினால் சத்தம் வெட்டுகிறதே, அதைச் சரிசெய்ய நினைப்பவர்களுக்கு. கொம்பனி அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்ட ரவுட்டரை இன்னும் சில வருடம் ஓட்ட நினைப்பவர்களுக்கு. நெட் வந்தால் போதும் என்றால் இருக்கிற பெட்டியே போதும், நேரத்தை வீணாக்காதீர்கள்.

1. மொடலைத் தேடாமல் சிப்பைத் தேடுங்கள்

வைஃபை சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருள் திறந்த மூலமாக (நிரல் எல்லாருக்கும் வெளிப்படையாக) இருந்தால்தான் ஓபன்டபிள்யூஆர்டி அதில் ஒழுங்காக ஓடும். பெட்டியின் மேல் எந்தக் கொம்பனிப் பெயர் என்பது இரண்டாம் பட்சம்.

மீடியாடெக் சிப் என்றால் மனம் லேசாகலாம். ஃபிலோஜிக் என்ற வரிசையில் எம்டி7981, எம்டி7986 ஆகிய இரண்டும் வைஃபை 6 ரவுட்டர்களில் அதிகம் கிடைக்கின்றன, ஆதரவும் நன்றாக இருக்கிறது. அதற்கு முந்திய எம்டி7621 பழையதுதான், ஆனால் உறுதியானது. குவால்காம் என்றால் ஐபிக்யூ807எக்ஸ் வகைக்கு ஓபன்டபிள்யூஆர்டியின் 23.05 வெளியீட்டிலிருந்து ஆதரவு உண்டு. மற்றவற்றை ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். பிராட்கொம் என்றால் வாங்கவே வேண்டாம். அவர்களுடைய புதிய வைஃபை சிப்புகளுக்குத் திறந்த டிரைவர் இல்லை. பெயர்பெற்ற பிராண்டுகளின் விலைகூடிய மொடல்கள் பல பட்டியலுக்கு வெளியே நிற்பதற்கு இதுதான் காரணம். ஏற்கனவே பிராட்கொம் சிப் உள்ள ஏசுஸ் ரவுட்டர் கையில் இருந்தால் ஏசுஸ்டபிள்யூஆர்டி-மெர்லின் என்ற மாற்று ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அதில் வேலை செய்யுமா என்று பாருங்கள். அது வேறு கதை.

வைஃபை 7 வாங்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். என் பதில், இப்போதைக்கு வேண்டாம். மீடியாடெக்கின் எம்டி7988 பக்கம் வேலை நடக்கிறது. ஆனால் நம் வீட்டுக்கு வரும் இணைப்பின் வேகத்துக்கு வைஃபை 6 தாராளம். மிச்சக் காசுக்கு நல்ல கேபிள் வாங்குங்கள்.

நினைவகத்தையும் கவனியுங்கள்: மென்பொருளைச் சேமிக்கும் ஃபிளாஷ், அது ஓடும்போது பயன்படும் ராம், இரண்டையும். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் உள்ள பழைய பெட்டிகளைச் சும்மா கொடுத்தாலும் எடுக்காதீர்கள். 8 எம்பி, 64 எம்பி என்றால் மூச்சு முட்டும். 16 எம்பி ஃபிளாஷும் 128 எம்பி ராமும் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டேட்டா கணக்கு, விளம்பரத் தடுப்பு எல்லாம் வேண்டுமென்றால் 128 எம்பி ஃபிளாஷ், 256 எம்பி ராம் உள்ளதைத் தேடுங்கள்.

2. காசு கொடுக்க முன் ஸ்டிக்கர்

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஒரே மொடல் பெயரை வைத்துக்கொண்டு உள்ளே சிப்பை மாற்றுவது ரவுட்டர் உலகத்தில் வழக்கம். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 நல்ல உதாரணம். வெர்ஷன் 2-இல் குவால்காம், வெர்ஷன் 3-இல் மீடியாடெக். இரண்டுக்கும் ஃபர்ம்வேர் ஃபைல் வேறு வேறு. ஒன்றை மற்றதில் ஏற்ற முடியாது. ஆகவே ஓபன்டபிள்யூஆர்டியின் டேபிள் ஆஃப் ஹார்ட்வேர் பட்டியலில் மொடல் பெயரோடு வெர்ஷனும் உங்கள் பெட்டியோடு ஒத்துப்போக வேண்டும். வெர்ஷன் இலக்கம் ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில், பெரும்பாலும் தொடர் இலக்கத்துக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கும். அட்டைப் பெட்டியின் பக்கவாட்டிலும் ஒட்டியிருப்பார்கள்.

திருகோணமலையில் பிரதான வீதி, மத்திய வீதிக் கடைகளில் வாங்கினால் இது சுலபம். பெட்டியைக் கையில் வாங்கி, கடையில் நின்றபடியே போனில் பட்டியலைத் திறந்து ஒப்பிடுங்கள். ஆனால் ஃபிலோஜிக் சிப் உள்ளவை இங்கே எப்போதும் இருக்காது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போகும் ஆள் யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள், அல்லது ஒன்லைனில் எடுங்கள். ஒன்லைன் என்றால் காசு போட முன் விற்பவரிடம் வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் படம் கேளுங்கள். இணையத்தில் எடுத்த படம் அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அவர் கையில் இருக்கும் பெட்டியின் படம் வேண்டும். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். கொழும்பிலிருந்து கூரியரில் வந்த பெட்டியைத் திருப்பி அனுப்பும் செலவும் அலைச்சலும் உங்கள் தலையில்தான் விழும்.

வெளிநாட்டிலிருந்து நேரே தருவிக்க நினைத்தால் இரண்டு விடயம். வைஃபை கருவிகளுக்கு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் வகை அங்கீகாரம் என்று ஒன்று உண்டு. சுங்கத்தில் பொதி நின்றால் அதைக் கேட்பார்கள், ஆகவே ஓடர் போட முன்னரே ஆணைக்குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து வரி. வற் மட்டுமே 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம், மற்றவை அதற்கு மேல். ஒரு ரவுட்டருக்காக இந்தப் பாடு தேவையில்லை என்பது என் கருத்து.

பத்திரப்படுத்த வேண்டியவை: பில், வாரண்டி அட்டை, ஸ்டிக்கரின் தெளிவான படம். ஃபர்ம்வேரை மாற்றினால் வாரண்டியைப் பெரும்பாலும் மறந்துவிட வேண்டியதுதான். அதனால் வாங்கியவுடன் மாற்றாதீர்கள். ஒரு வாரம் கொம்பனி ஃபர்ம்வேரிலேயே ஓடட்டும். பெட்டியில் பழுது இருந்தால் அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும், மாற்றியும் வாங்கலாம்.

3. உங்கள் ரவுட்டருக்கு எந்த வாசல்?

எல்லா ரவுட்டரிலும் ஒரே மாதிரி ஏற்ற முடியாது. வாங்க முன்னரே அந்த மொடலின் பக்கத்தில் ஏற்றும் முறையைப் படியுங்கள்.

டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்23 வெர்ஷன் 1 போன்றவற்றில் கொம்பனியின் அப்டேட் பக்கத்திலேயே ஃபைலைக் கொடுத்தால் போதும். புதியவர்களுக்கு இதுதான் சுகம். குடி (Cudy) டபிள்யூஆர்3000-இல் இடையில் ஒரு படி உண்டு. கொம்பனி தன் கையொப்பம் இல்லாத ஃபைலை ஏற்காது. ஆனால் அவர்களே கையொப்பமிட்ட ஒரு இடைநிலை ஓபன்டபிள்யூஆர்டி ஃபைலைத் தருகிறார்கள். அதை முதலில் ஏற்றி, அப்புறம் அசல் ஃபைலை ஏற்ற வேண்டும். ஷாவ்மி ஏஎக்ஸ்3000டி விலைக்கு நல்ல சாமான்தான். ஆனால் கொம்பனிப் பக்கம் வழியாகப் போக முடியாது. முதலில் எஸ்எஸ்எச் என்ற, கட்டளை அடித்து உள்ளே போகும் வாசலைத் திறக்க வேண்டும், அதற்குக் கட்டளை வரிகள் அடிக்க வேண்டும். முதல் ரவுட்டர் இதுவாக இருந்தால் பக்கத்தில் விடயம் தெரிந்த ஒருவரை உட்காரவையுங்கள். ஜிஎல்-ஐநெட் ரவுட்டர்கள் வரும்போதே ஓபன்டபிள்யூஆர்டியை அடிப்படையாகக் கொண்டவை, மாற்றுவது எளிது, விலைதான் கூட.

ஓபன்டபிள்யூஆர்டி திட்டமே 2024 நவம்பரில் ஓபன்டபிள்யூஆர்டி ஒன் என்ற ரவுட்டரை வெளியிட்டது. உள்ளே எம்டி7981, 1 ஜிபி ராம், வெளிவந்தபோது பெட்டியோடு 89 டொலர். ஒரு சுவிட்சைத் தள்ளினால் தனியாக உள்ள இன்னொரு ஃபிளாஷிலிருந்து எழும்பிவிடும் என்பதால் பழுதாக்குவது கஷ்டம். ஆசைதான். ஆனால் மேலே சொன்ன சுங்கக் கதை இதற்கும் பொருந்தும்.

4. இணைய நிறுவனத்திடம் வாங்கவேண்டியது

ஃபைபர் இணைப்பு என்றால் ஃபைபர் கம்பி வந்து சேரும், சுவரில் மாட்டிய ஓஎன்டி பெட்டி அப்படியே இருக்கட்டும். உங்கள் ரவுட்டர் அதற்குப் பின்னால் வரும். இரண்டு வழி. ஓஎன்டியை இருக்கிறபடியே விட்டு, அதன் லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) துளையிலிருந்து புது ரவுட்டரின் வேன் (WAN, இணையம் உள்ளே வரும்) துளைக்கு ஒரு கேபிள் கொடுப்பது முதல் வழி. இதில் இரட்டை நாட் வரும், அதாவது இரண்டு பெட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக முகவரியை மாற்றி அனுப்பும். யூடியூப், வாட்ஸ்அப், சூம் எதற்கும் பிரச்சினை இல்லை. வெளியிலிருந்து வீட்டு சிசிடிவியை நேரே பார்ப்பதற்குத்தான் இடைஞ்சல். இரண்டாவது வழி, ஓஎன்டியை பிரிட்ஜ் முறைக்கு (இணைப்பை அப்படியே கடத்திவிடும் முறைக்கு) மாற்றி, உங்கள் ரவுட்டரே பிபிபிஓஇ என்ற உள்நுழைவு முறையில் நிறுவனத்தோடு இணைவது. அதற்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். இணைப்புக் கொடுத்த நாளில் தந்த தாளில் தேடுங்கள். இல்லையென்றால் அடையாள அட்டையும் கடைசி பில்லும் கொண்டு, கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரையே அலுவலகத்துக்குக் கூட்டிப்போங்கள். கணக்கு அப்பா பெயரில் இருக்க நான் தனியாகப் போய் இரண்டு முறை திரும்பி வந்தேன்.

முதல் தடவை முதல் வழியிலேயே போங்கள். பிரிட்ஜ் வேலையைப் பிறகு பார்க்கலாம்.

சிம் போடும் 4ஜி வீட்டு ரவுட்டர் வைத்திருப்பவர்களும் இப்படித்தான். அந்தப் பெட்டிக்குள் கை வைக்காமல், அதற்குப் பின்னால் உங்களுடையதை மாட்டுங்கள்.

5. முதல் நாள் செய்ய வேண்டியவை

ஏற்றும் நேரத்தில் வீட்டில் நெட் இருக்காது. ஆகவே எல்லா ஃபைலையும் முதல் நாளே லப்டொப்பில் இறக்கி வையுங்கள். ஓபன்டபிள்யூஆர்டி தளத்தின் ஃபர்ம்வேர் செலக்டர் பக்கத்தில் உங்கள் மொடலை வெர்ஷனோடு தேடினால் இரண்டு விதமான ஃபைல் இருக்கும். ஃபாக்டரி என்பது கொம்பனி ஃபர்ம்வேரிலிருந்து முதல் முறை மாறுவதற்கு. சிஸ்அப்கிரேட் என்பது ஏற்கனவே ஓபன்டபிள்யூஆர்டி இருக்கும் பெட்டியைப் புதுப்பிப்பதற்கு. மாற்றி ஏற்றி அழுதவர்கள் ஏராளம். சில மொடல்களுக்கு ஃபாக்டரி ஃபைலே இருக்காது. அங்கேதான் மொடல் பக்கத்து விளக்கம் முக்கியம்.

பக்கத்திலேயே எஸ்எச்ஏ256 என்று நீளமான ஓர் எண் இருக்கும். இறக்கிய ஃபைலின் எண்ணும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளை இதைச் செய்யும். பத்து எம்பி அளவுள்ள ஃபைல்தானே என்று அலட்சியம் வேண்டாம். பாதி இறங்கிய ஃபைல் ஒரு ரவுட்டரைக் கொல்லப் போதும்.

ஸ்டேபிள், ஸ்னாப்ஷொட் என்று இரண்டு வெளியீடு காட்டும். ஸ்டேபிளை எடுங்கள். மிகப் புதிய ரவுட்டருக்கு ஸ்னாப்ஷொட் மட்டும்தான் இருக்கும் சில வேளை. அது தினம் மாறும், பிரவுசரில் ரவுட்டரை அமைக்க உதவும் லூசி என்ற பக்கமும் அதில் இருக்காது. வேறு வழியில்லை என்றால் செலக்டர் பக்கத்திலேயே பொதிகளின் (கூடுதல் மென்பொருள்களின்) பட்டியலில் லூசியைச் சேர்த்து ஃபைலை உருவாக்கிக்கொள்ளலாம். இரண்டு மாதம் பொறுக்க முடிந்தால் பொறுப்பது நல்லது.

கொம்பனியின் அசல் ஃபர்ம்வேரையும் அவர்கள் தளத்திலிருந்து இறக்கி வையுங்கள். பின்வாங்க வேண்டி வந்தால் அதுதான் கை கொடுக்கும்.

அடுத்தது கரண்ட். ஏற்றும் அந்தச் சில நிமிடத்தில் கரண்ட் போனால் கதை முடிந்தது. வீட்டில் ரவுட்டருக்கான மினி யுபிஎஸ் இருந்தால் அதில் மாட்டுங்கள், ஆனால் வோல்ட் அளவு ரவுட்டரின் அடாப்டரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடிமழை நேரத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள். விடியற்காலை ஐந்து மணி எனக்குச் சரிவந்தது. வீட்டில் யாரும் எழும்பி "நெட் எங்கே?" என்று கேட்க மாட்டார்கள்.

6. ஏற்றுதல்

வைஃபை மூலம் ஏற்றாதீர்கள். லேன் கேபிளால் லப்டொப்பை ரவுட்டரின் லேன் துளையில் மாட்டுங்கள். வேன் துளையில் எதுவும் வேண்டாம். கொம்பனிப் பக்கத்தில் ஃபைலைக் கொடுத்து, ஏற்று என்று அழுத்திவிட்டு கையை எடுத்துவிடுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் பிடிக்கும். விளக்கு மினுங்கும், அணையும், திரும்ப மினுங்கும். பத்து நிமிடம் ஆகும்வரை பிளக்கைத் தொடக்கூடாது. போய் ஒரு பிளேன்டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

பிறகு பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். பயனர் பெயர் ரூட், கடவுச்சொல் வெறுமை. உள்ளே போனவுடன் முதல் வேலை கடவுச்சொல் வைப்பது.

7. 192.168.1.1 சண்டை

எனக்கு ஒரு இரவைத் தின்ற விடயம் இது. ஓபன்டபிள்யூஆர்டி தன்னை 192.168.1.1 என்று அழைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டு ஓஎன்டியும் அதே 192.168.1.1. இரண்டையும் கேபிளால் இணைத்தேன். ரவுட்டருக்கு இரண்டு பக்கமும் ஒரே முகவரி என்றால் அது எங்கே அனுப்பும்? நெட் வரவில்லை. ஃபைலில் பிழை என்று நினைத்துத் திரும்ப ஏற்றினேன். கேபிளில் பிழை என்று வேறு கேபிள் போட்டேன். இரவு ஒன்றரைக்குத்தான் இரண்டு ஸ்டிக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரே எண் என்று கண்டேன்.

ஆகவே வேன் கேபிளை மாட்ட முன், லூசியில் நெட்வொர்க், இன்டர்ஃபேசஸ், லேன் என்று போய் முகவரியை 192.168.10.1 என்று மாற்றிச் சேமியுங்கள். லேன் கேபிளைக் கழற்றி மாட்டிவிட்டு, புது முகவரியில் திரும்ப உள்ளே போங்கள். 90 விநாடிக்குள் போகாவிட்டால் ரவுட்டர் பயந்து பழைய முகவரிக்கே திரும்பிவிடும். அது பிழையல்ல, பாதுகாப்பு. சேமிக்கும் இடத்தில் உள்ள அம்புக்குறியைத் திறந்து, சரிபார்க்காமல் நடைமுறைப்படுத்தும் தெரிவை எடுத்தால் இந்த ஓட்டம் தேவையில்லை.

8. வைஃபை

ஏற்றியவுடன் வைஃபை தெரியாது. பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், பாதுகாப்புக்காக அணைத்தே தருகிறார்கள். வயர்லெஸ் பக்கத்தில் இரண்டு ரேடியோவையும் இயக்கி, நாடு என்ற இடத்தில் இலங்கையைத் தெரிவுசெய்யுங்கள். பலம் கூடும் என்று வேறு நாட்டைப் போடச் சொல்லும் ஆலோசனைகளைக் கேட்காதீர்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் சனல் 36 முதல் 48 வரை வையுங்கள். 52-க்கு மேலே 144 வரை ராடாரோடு பகிரும் சனல்கள். அவற்றில் ரவுட்டர் ஒரு நிமிடமாவது காத்திருந்து கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும், ராடார் என்று சந்தேகப்பட்டால் சனல் மாறிவிடும். துறைமுகமும் கடற்படையும் சீனக்குடா விமானத் தளமும் உள்ள ஊரில் ஏன் வம்பு?

பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலப்பை எடுங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்றால் பழைய பிரிண்டரும் சிசிடிவியும் வெளியே நின்றுவிடும். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பழைய ரவுட்டரில் இருந்தபடியே வைத்தால் வீட்டில் எல்லாப் போனும் தானாக வந்து சேரும். அம்மாவுக்கு மாற்றம் நடந்ததே தெரியாது.

9. டேட்டா கணக்கும் சூம் வெட்டும்

இதற்காகத்தானே இவ்வளவும். என்எல்பிடபிள்யூமொன் என்ற பொதியையும் அதன் லூசி பக்கத்தையும் போடுங்கள். ஒவ்வொரு கருவியும் எத்தனை எம்பி எடுத்தது என்று காட்டும். மாதக் கணக்கு தொடங்கும் திகதியை உங்கள் பில் திகதிக்கு மாற்றுங்கள். எங்கள் வீட்டில் குற்றவாளி என்று நான் நினைத்தது தம்பியின் கேம். கணக்கைத் திறந்தால், ஹோலில் இருந்த டிவி யாரும் பார்க்காதபோதும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

சூம் வெட்டுக்கு எஸ்க்யூஎம் என்ற, டேட்டா போக்குவரத்தை வரிசைப்படுத்தும் பொதி. முதலில் கேபிள் போட்ட லப்டொப்பில் வேகத்தை அளந்து, இறக்கம் ஏற்றம் இரண்டிலும் 90 சதவீதத்தை எழுதுங்கள். வரிசை முறையாக கேக் (cake) என்பதைத் தெரிவுசெய்யுங்கள். ஃப்ளோ ஒஃப்லோடிங் என்ற தெரிவை இயக்கியிருந்தால் அணையுங்கள், இரண்டும் ஒத்துப்போகாது. 4ஜி இணைப்பில் வேகம் நேரத்துக்கு நேரம் மாறுவதால், இரவு எட்டு மணிக்கு அளந்த எண்ணை வையுங்கள்.

பழைய வழிகாட்டிகளைப் பார்த்துப் பொதி போடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பொதி போடும் கட்டளை 24.10 வெளியீடு வரை ஓபிகேஜி, அதற்கு அடுத்த வெளியீட்டிலிருந்து ஏபிகே. கட்டளை வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான்.

10. எழும்பவில்லை என்றால்

உடனே குப்பையில் போடாதீர்கள். விளக்கு எரிகிறதென்றால் பாதி நம்பிக்கை இருக்கிறது. ஓபன்டபிள்யூஆர்டி ஏறிய பிறகு அமைப்பைக் குழப்பிவிட்டிருந்தால், லப்டொப் முகவரியை 192.168.1.2 என்று நிலையாக வைத்து, ரவுட்டர் எழும்பும்போது விளக்கு வேகமாக மினுங்கும் அந்த நேரத்தில் ரீசெட்டை அழுத்துங்கள். ஃபெயில்சேஃப் என்ற மீட்பு முறைக்குப் போகும். ஃபர்ம்வேரே போய்விட்டிருந்தால் டிஎஃப்டிபி, அதாவது லப்டொப்பிலிருந்து கேபிள் வழியே ரவுட்டர் தானே ஃபைலை இழுத்துக்கொள்ளும் முறை. பழைய டிபி-லிங்க் ஆர்ச்சர்களில் லப்டொப் முகவரி 192.168.0.66, ஃபைல் பெயர் மொடலுக்கு மொடல் வேறு. விண்டோஸ் ஃபயர்வோல் இதை அமைதியாகத் தடுக்கும், தற்காலிகமாக அணையுங்கள். அதுவும் சரிவராவிட்டால் பெட்டியைத் திறந்து யுஎஸ்பி சீரியல் கேபிள். 3.3 வோல்ட் வகைதான் வேண்டும். 5 வோல்ட் கொடுத்தால் உண்மையிலேயே முடிந்துவிடும்.

11. எனக்கு ஆன செலவு

இரண்டாவது ரவுட்டர் 14,800. கூரியர் 450. கேட்-6 கேபிள் இரண்டு, 900. சீரியல் கேபிள் 850, இன்னும் பொதி பிரிக்கவில்லை. ஃபர்ம்வேருக்குக் காசில்லை. நேரம் என்றால், தெரிந்து செய்தால் இரண்டு மணித்தியாலம்.

சில மாதத்துக்கு ஒருமுறை புது வெளியீட்டைப் பார்த்து சிஸ்அப்கிரேட் ஏற்றுங்கள், முன்பு அமைப்பு பேக்கப் ஒன்று எடுத்துவிட்டு. நீங்கள் பிறகு சேர்த்த பொதிகள் அதில் அழிந்துவிடும், பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். உப்புவெளிப் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் லேன் துளைகளையும் வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்து, வேகம் 1000 எம்பிபிஎஸ்-இலிருந்து 100-க்கு இறங்கும். நண்பர் ஒருவரின் விருந்தினர் விடுதியில் ஃபர்ம்வேரைக் குறை சொல்லி ஒரு பின்னேரம் போனது. கேபிள் தலையை வெட்டிப் புதிதாக அடித்ததும் சரியாகிவிட்டது.

அலுமாரிக்கு மேல் கிடந்த அந்த முதல் ரவுட்டரையும் இறக்கிவிட்டேன். கொம்பனி ஃபர்ம்வேரிலேயே அக்செஸ் பொயின்ட் முறை (வைஃபையை மட்டும் பரப்பும் முறை) இருந்தது. கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்து, முகவரியை 192.168.10.2 என்று வைத்து, ஒரு கேபிளில் பின் அறைக்குக் கொடுத்தாயிற்று. குசினி வரைக்கும் சிக்னல் வருகிறது.